கெச்சா என்னும் பெயர்

முதலில் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம், ஐயா. உங்கள் போலீஸ் எழுத்தர் ஏற்கெனவே இரண்டு முறை அடித்து எழுதிவிட்டார், பாவம். செத்தவரும் கெச்சா, எதிரே உட்கார்ந்திருப்பவனும் கெச்சா என்றால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும். எனக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒதிலோன். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட இப்போது ஆள் யாரும் இல்லை. வங்கியாளர் கெச்சா என் அப்பா. அவர் போன பிறகு அந்தப் பெயர் எனக்கு வந்தது.

நீங்கள் தெற்கே காட்டுப் பக்கத்துக்காரர். உங்கள் ஊரில் அப்பா செத்தால் புதைத்துவிட்டு அழுகிறீர்கள், மகன் மகனாகவே இருக்கிறான். எங்கள் மேட்டுநிலத்தில் பெரிய மனிதர்கள் அப்படிப் போய்விடுவதில்லை. மகன்களில் ஒருவன் அவராகவே ஆகிவிடுவான். அவர் பெயர், அவர் நாற்காலி, அவர் வீடு, அவர் விதவைகள் எல்லாம் அவனுக்கு. சில வருடம் கழித்து அவர் மண்டையோட்டைத் தோண்டி எடுத்து, கழுவச் செய்து, குடும்பத்து மண்டையோட்டு வீட்டில் வைத்து, உப்பும் பனை எண்ணெயும் கொடுத்துப் பேணுவதும் அவன்தான். எந்த மகன் என்று அப்பா வாய் திறக்க மாட்டார். ஊர்த்தலைவரிடமும் இரண்டு மூன்று பெரியவர்களிடமும் மட்டும் காதும் காதும் வைத்தாற்போல் சொல்லி வைப்பார். அந்த மகனுக்கே தெரியக்கூடாது. தெரிந்தால் அவன் அப்பாவின் சாவுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவான் என்று முன்னோர்கள் யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். தெரியாதவன் என்ன செய்வான் என்பதைத்தான் அவர்கள் யோசிக்கவில்லை.

அப்பாவைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். டுவாலா துறைமுகத்திலிருந்து சைக்கிளில் உப்பு மூட்டை ஏற்றி வந்து விற்றவர். சந்தைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிச் சீட்டுப் போடுவார்கள் அல்லவா, அந்தச் சீட்டைப் பாதுகாக்க நம்பிக்கையான ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று அவரைப் பிடித்தார்கள். அங்கிருந்துதான் மலைநாட்டு வங்கி பிறந்தது. அவர் சீட்டுப் பணத்தில் கை வைத்ததே இல்லை. அந்தப் பெண்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு நாடே நொடித்த அந்தக் கெட்ட வருடங்களில் வங்கி ஒரு நாள் காலை கதவைச் சாத்தியது. அதே வருடம்தான் எங்கள் கிராமத்து மாளிகையின் படிக்கட்டுக்கு இத்தாலியப் பளிங்கு வந்து இறங்கியது. சந்தைப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்துத் தரையில் அடித்துச் சாபமிட்டார்கள். அப்பா மாடியில் உட்கார்ந்து வேகவைத்த வாழைக்காயும் கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு யார் மேலும் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

வங்கி மறுபடி திறந்தது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூரை போட்டார், படிக்கிற பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார். ஊரில் பாதிப் பேர் அவரை அப்பா என்றார்கள், பாதிப் பேர் கழுகு என்றார்கள். இரண்டு பாதியிலும் இருந்தது பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் சட்டென்று பணக்காரன் ஆனால் ஃபாம்லா என்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கம். அதில் சேர்ந்தவன் ஒவ்வொரு செல்வத்துக்கும் தன் வீட்டில் ஓர் உயிரைக் கொடுக்க வேண்டும், மகனையோ மகளையோ. முன்கூட்டியே அந்த உயிரின் மேல் அடையாளம் வைத்துவிடுவார்களாம். நான் கணக்கியல் படித்தவன், இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அப்பாவின் பிள்ளைகளில் மூன்று பேர் சின்ன வயதில் இறந்தது உண்மை. ஒருவனுக்குப் பிறவியிலேயே இரத்த நோய், ஒருத்திக்கு டைஃபாய்டு, ஒருவன் டுவாலா சாலையில் லாரியின் அடியில் போனான். மூன்றுமே புதுக் கிளை திறந்த வருடங்களில் நடந்தன. அப்பா அநேகமாக எல்லா வருடமும் ஏதாவது ஒரு கிளை திறந்துகொண்டிருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லுவேன். அப்போதும் சொன்னேன்.

எனக்கு ஒரே மகள், ரொசீன். அவள் அம்மா பெல்ஜியத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், போனவள் போனவள்தான். குழந்தைக்குத் தலை பின்னிவிடுவதிலிருந்து எல்லாமே நான். வாய் ஓயாத பெண். கேள்வி கேட்க ஆரம்பித்தாளானால் பதில் கிடைக்கும் வரை விட மாட்டாள். அவள் பள்ளிவிட்டு ஓடி வருவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் புரியும்.

நான் அப்பாவின் நான்காவது மனைவிக்குப் பிறந்தவன். பஃபூசாம் நகரத்து வங்கிக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அவர் செத்த வருடம் திடீரென்று என்னைக் கிராமத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார். வேறு யாரும் வாய் வைக்காத தன் கொம்புக் குவளையில் எனக்குக் கள்ளை ஊற்றிக் கொடுத்தார். ரொசீனையும் அழைத்துவரச் சொன்னார். தன் தட்டிலிருந்து ஆட்டு இறைச்சியைப் பிய்த்துத் தன் கையாலேயே அவளுக்கு ஊட்டினார். எந்தப் பேரப்பிள்ளையையும் அவர் மடியில் வைத்துப் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு நாள் அவளை மட்டும் மண்டையோட்டு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். வெளியே வந்தபோது அவள் நெற்றியில் சிவப்பு மரப்பொடி அப்பியிருந்தது. சிரித்துக்கொண்டே வந்தாள்.

என்ன செய்தார் என்று கேட்டேன். தாத்தா தன் அம்மாவின் மண்டையோட்டிடம் ஏதோ பேசினார், என்னையும் வணக்கம் சொல்லச் சொன்னார், அந்தப் பாட்டிக்குப் பல்லே இல்லை என்றாள்.

என் தம்பி அர்மான் பொல்லாத வாய்க்காரன். அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்தவன். வாரிசு தான்தான் என்று அவனுக்குப் பிறந்ததிலிருந்தே நினைப்பு. ஒரு நாள் சுட்ட மீன் கடையில் உட்கார்ந்திருந்தபோது, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்.

"உம் பொண்ணு நெத்தியில பொட்டு வச்சாராமே கிழவர். டுவாலாவுல பெரிய கிளை தொறக்கப் போறாரு, தெரியும்ல? பாத்துக்க அண்ணே. என் பிள்ளைங்கள எல்லாம் நான் ஊர்ப் பக்கமே கூட்டிட்டுப் போறதில்ல."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ரொசீனின் நெற்றியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பொடி போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. இருந்தாலும் தேய்த்தேன். வலிக்குதுப்பா என்று கத்தினாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அப்பா மறுபடி கூப்பிட்டனுப்பினார். அன்று சந்தை நாள். பெண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பின்கட்டுச் சமையலறையில் சேப்பங்கிழங்கை அவித்து இறக்கி, பாதி இடித்தபடியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா அடுப்பருகே உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு பணக்காரர், அந்தப் புகை பிடித்த இடத்தில்தான் அவருக்கு நிம்மதி.

"மழை விட்டதும் பொண்ணைக் கொண்டாந்து என்கிட்ட விடு" என்றார். "ஒரு வெள்ளாடு, உப்பு, எண்ணெய். நீ கூட நிக்கக் கூடாது."

"எதுக்குப்பா?"

"அவ எங்கம்மாவுக்கு. எப்பவோ முடிவு பண்ணது."

"அவ எம் பொண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"அதனாலதான். கேக்காத ஒதிலோன். எல்லாம் கைக்கு வரும்போது உனக்கே புரியும்."

சரி என்றேன். அவருக்குச் சந்தோஷம். எழுந்து, இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அது மண்டையோட்டு வீட்டுச் சாவி. "வா, உனக்கு ஒண்ணு காட்டணும்" என்று சொல்லி முன்னால் நடந்தார். அந்தக் கதவை அவர் எனக்குத் திறந்ததே இல்லை. அவர் முதுகு என் முன்னால் இருந்தது. கிழங்கு இடிக்கிற உலக்கை உரலிலேயே நின்றுகொண்டிருந்தது. நல்ல கனமான மரம்.

ஒரே அடிதான். அதிகம் கஷ்டப்படவில்லை என்று நினைக்கிறேன். உலக்கையைக் கழுவி, மிச்சக் கிழங்கையும் இடித்து முடித்தேன். இல்லாவிட்டால் பெண்கள் வந்து ஏன் பாதியில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பளிங்குப் படிக்கட்டின் கீழே கிடத்தினேன். மழையில் அந்தப் பளிங்கு வழுக்கும், யாராவது ஒரு நாள் விழப்போகிறார்கள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததுதான். குப்புறக் கிடத்தினேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு விஷயத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் ஃபாம்லாவை நம்பிச் செய்யவில்லை. அவர் நம்புகிறார் என்று நினைத்துச் செய்தேன். நம்புகிற மனிதன் ஒரு குழந்தையை என்ன வேண்டுமானாலும் செய்வான் அல்லவா? எந்த அப்பாவும் செய்வதைத்தான் செய்தேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. சந்தையில் பெண்கள் பானையைத் தட்டி ஆடினார்கள். ஃபாம்லாக்காரர்கள்தான் பாக்கிக்கு அவரையே எடுத்துக்கொண்டார்கள் என்று பேச்சு. புதைத்தோம். வறண்ட பருவம் வந்ததும் பெரிய சாவுக் கொண்டாட்டம் வைத்தோம். கூட்டமான கூட்டம். துப்பாக்கிகள் வெடிக்க, முகமூடிகள் ஆட, ஊர்ப் பெரியவர் தா சோப் கூட்டத்துக்குள் நடந்து வந்தார். அப்பா பெயரைச் சொல்லி வைத்திருந்த பெரியவர்களில் அவரும் ஒருவர். அர்மான் புது அங்கி போட்டுக்கொண்டு முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தா சோப் அவனைத் தாண்டி வந்தார். என் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. எங்கள் வழக்கத்தில் வாரிசை அப்படித்தான் பிடிப்பார்கள், திருடனைப் பிடிப்பது போல.

பிறகு அவர் என் பக்கத்தில் நின்ற ரொசீனின் கையையும் பிடித்தார். இவள் இனி கெச்சாவின் அம்மா, பெயர் மாகம், அந்த மாகத்தின் மண்டையோட்டை இவள்தான் பேணுவாள் என்று உரக்கச் சொன்னார். வாரிசு இருப்பதுபோல, செத்த பெரிய தாய்மார்களுக்கும் பெயர் தாங்க ஒரு பெண் உண்டு. அது பெரிய பட்டம். அதற்காகத்தான் அந்தச் சிவப்புப் பொடி, அந்த ஆடு, அந்த உப்பு. சாவியும் அதற்காகத்தான். எல்லாம் என் கைக்கு வந்தபோது எனக்கே புரிந்தது, அவர் சொன்ன மாதிரியே.

அப்போது என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். அழுதேன். எல்லாரும் அழுவார்கள், அது சடங்கு. உள்ளே, நியாயமாகச் சொல்வதென்றால், ஒரு நிம்மதி. குழந்தைக்கு ஆபத்தே இல்லை. அவர் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். பிள்ளைகளிலேயே என்னை. இது முன்பே தெரிந்திருந்தால் அவரிடம் எவ்வளவு அன்பாக இருந்திருப்பேன்.

அதற்கப்புறம் நல்ல வருடங்கள். அர்மான்கூட என்னை அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும், வாயைக் கோணிக்கொண்டு கூப்பிடுவான். ரொசீன் என் அப்பாவின் அம்மா ஆகிவிட்டாள், நான் என் அப்பா ஆகிவிட்டேன், ஆகவே அவள் எனக்கு அம்மா. அவளுக்கு அதில் ஒரே குஷி. தலைநகர் யாவுந்தேயில் மருத்துவம் படிக்கப் போன பிறகும் தினம் போன் செய்வாள். "டேய் மகனே, சாப்டியா? அம்மா சொல் பேச்சுக் கேளு, உப்பைக் கொறச்சிக்க" என்பாள். நானும் "சரிம்மா" என்பேன். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள்.

வங்கியை நான் நேர்மையாக நடத்தினேன். கதவு சாத்தப்பட்டபோது ஏமாந்த சந்தைப் பெண்களைத் தேடிப்போய் ஒவ்வொருவராகச் சமாதானம் செய்தேன். மெல்ல மெல்ல ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுகள் திரும்பி வந்தன. அப்பா டுவாலாவில் திறக்க நினைத்த அந்தப் பெரிய கிளையை இந்த வருடம் திறப்பது என்று முடிவானது. திறப்பதற்கு முன் அப்பாவின் மண்டையோட்டை எடுத்துவிட வேண்டும், இவ்வளவு வருடம் மண்ணில் விட்டதே தப்பு என்று தா சோப் நச்சரித்தார். சரியென்று நாள் குறித்தேன்.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், எனக்கு எந்தப் பயமும் இல்லை. படிக்கட்டுக் கதையை அத்தனை தடவை சொல்லியிருந்தேன், மழையில் அவர் கால் வழுக்குவது என் கண்ணுக்கே தெரியும். எலும்பைக் கழுவுவது மாகம் பெயரைத் தாங்குபவளின் உரிமை என்று ரொசீனை வரவழைத்ததும் நான்தான். பெருமையாக இருந்தது.

அவள் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெந்நீரில் கழுவினாள். பழகின கை, படிக்கிற பெண் அல்லவா. திருப்பினாள். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அங்கேயே கொஞ்ச நேரம் விரல் நின்றது. பிறகு எண்ணெய் பூசி, துணியில் வைத்து, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மறுநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது கேட்டாள்.

"அப்பா, தாத்தா எப்படிக் கெடந்தாரு? குப்புறவா, மல்லாக்கவா?"

மகனே என்று கூப்பிடவில்லை. குப்புற என்று ஊருக்கே தெரியும். சொன்னேன்.

"நெத்தியில ஒரு கீறல்கூட இல்ல. பின்மண்டைல குழி விழுந்திருக்கு, உருண்டையா." பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு இங்க நீங்க மட்டும்தானே இருந்தீங்க?"

நான் இன்னொரு தடவை கையைக் கழுவினேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அவள் அழுதாள், கத்தவில்லை. "தா சோப்கிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா. நான் கூட வரேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அந்தத் தலைக்கு உங்க கையால சோறு வைக்கிறதை நான் பாத்துட்டிருக்க முடியாது" என்றாள்.

உனக்காகத்தான் செய்தேன் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பாரத்தை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

நான் உட்கார்ந்து யோசித்தேன், ஐயா. அவசரப்படுகிற ஆள் இல்லை. நான் சொன்னால் கெச்சா என்ற பெயர் போயிற்று. அந்தப் பெயரை நம்பித்தான் சந்தைப் பெண்கள் திரும்பி வந்தார்கள். ஒரு முறை ஏமாந்தவர்கள், மறுபடி கதவு சாத்தினால் என்ன ஆவார்கள்? நூற்றுக்கணக்கான குடும்பங்கள். இந்தப் பக்கம் ஒரே ஓர் ஆள். இதில் என் சுயநலம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன்னால் அருவிக்குப் போய் உப்பும் எண்ணெயும் போட்டுத் தீட்டுக் கழித்துவிடுவோம் என்றேன். எங்கள் ஆட்கள் மனப்பாரம் இறக்க அங்கே போவார்கள். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அப்பா மனம் மாறிவிட்டார் என்ற சந்தோஷம் அவளுக்கு. காரில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். அருவியின் மேல்பாறையில் பாசி. உப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "வழுக்குது மகனே, பாத்து வா" என்றாள்.

அந்த வார்த்தையை மறுபடி சொன்னாள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறுதல்.

கீழே ஆற்றோரம் கிடைத்தாள். பாறை வழுக்கிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். தா சோப் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். யாரும் என்னை விசாரிக்கவில்லை, உங்கள் ஆட்களும் வரவில்லை. நானாக ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?

சந்தையில் பேசுகிறார்கள், ஐயா. அர்மான் கிளப்பிவிட்டதாக இருக்கும். கிளை திறப்பதற்கு முந்தின வாரம் மகளை ஃபாம்லாவுக்குக் கொடுத்துவிட்டான் என்கிறார்கள். நான் போனால் பெண்கள் தங்கள் குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். படித்த மனிதனைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்க வந்தேன். என் அப்பாவை நான் கொன்றேன். என் மகளை நான் தள்ளினேன். இரண்டுக்கும் தகுந்த காரணம் இருந்தது. வங்கிக்காக யாரையும் நான் கொடுக்கவில்லை. அந்த வரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

டுவாலா கிளையா? குறித்த நாளில் திறந்துவிட்டோம். அழைப்பிதழ் போய்விட்டது, தள்ளிப்போட வழியில்லை. பாறையில் அவள் கையிலிருந்து விழுந்த உப்புப் பொட்டலம் பிரியாமல் கிடந்தது, அதை எடுத்து வைத்திருந்தேன். கதவைத் திறக்கும்போது வாசற்படியில் அதைத் தூவினேன். வீணாகப் போகக் கூடாதே என்றுதான். அன்று வரிசை தெருமுனை வரை நின்றது. அது தற்செயல்.

சரி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இல்லை ஐயா, ஒதிலோன் என்று போட மாட்டேன். கெச்சா என்றுதான் போடுவேன். அந்தப் பெயருக்காக நான் கொடுத்தது கொஞ்சமா?